“என் கண் முன்னால் குடித்துப் பழகட்டும்” என்கிறார் கணவர்... சரியா டாக்டர்?

16 வயதுப் பையனின் தாய் ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. மகனின் எடை 52 கிலோ. நண்பன் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனவனை இரவு 10 மணிக்கு இரண்டு நண்பர்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் 180 மில்லி ரம் குடித்ததாக அவர்கள்தான் சொன்னார்கள். வாசலிலேயே இரண்டு முறை வாந்தி. அப்பா அவனைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, “தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்” என்று விளக்கை அணைத்திருக்கிறார். மறுநாள் தலைவலிக்கு ஒரு பாராசிட்டமால் கொடுத்திருக்கிறார்கள். கேக் வெட்டியதற்குப் பிறகு எதுவுமே நினைவில் இல்லை என்கிறான் மகன். இதுதான் முதல் முறை என்றும் சொல்கிறான். ஆனால் ஒரு மாதத்துக்கு முன்பும் அவன் சட்டையில் வாடை வந்தது அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது. கல்லீரல் கெட்டிருக்குமா, என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்? வார இறுதியில் குடிக்கும் கணவர், “வெளியே ரம் குடிப்பதைவிட வீட்டில் என்னோடு ஒரு பீர் குடிக்கட்டும், அளவு தெரியும்” என்கிறாரே, அது சரியா? அந்த இரண்டு நண்பர்களின் சகவாசத்தை வெட்டிவிடலாமா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் ‘கல்லீரல்’ என்ற சொல் பல இடங்களில் வருகிறது. ‘மூச்சு’ என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. அன்று இரவு உங்கள் மகனின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது மூச்சில்தான். அதனால் உங்கள் முதல் கேள்விக்கு முன்னால் அந்த இரவையே பேசிவிடுகிறேன். இப்படி ஓர் இரவு உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மறுபடி வரலாம்.

அன்று இரவு உடம்புக்குள் நடந்தது

180 மில்லி ரம் என்றால், 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அதில் சுத்தமான ஆல்கஹால் ஏறக்குறைய 57 கிராம். அது ரத்தத்தில் மட்டும் தங்குவதில்லை, உடம்பில் தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் பரவும். 75 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் இதே 57 கிராம் பரவினால் 100 மில்லி ரத்தத்துக்குச் சுமார் 110 மில்லிகிராம் வரும். உங்கள் மகனின் 52 கிலோ உடம்பில் அது 160-ஐத் தொடும். ஒரே அளவு, ஒரே பாட்டில். ஆனால் அப்பாவுக்கு மப்பாக இருப்பது பிள்ளைக்கு நினைவு தப்பும் அளவு. இது தோராயக் கணக்குதான். சாப்பிட்டிருந்தாரா, எவ்வளவு வேகத்தில் குடித்தார் என்பதைப் பொறுத்து முன்னே பின்னே மாறும். பெண் பிள்ளைகளின் உடம்பில் தண்ணீரின் பங்கு குறைவு என்பதால் அதே எடையிலும் அளவு இன்னும் ஏறும்.

ஆல்கஹாலில் ஐந்தில் ஒரு பங்குதான் இரைப்பையில் உறிஞ்சப்படும். மீதி சிறுகுடலுக்குப் போன பிறகுதான் ஏறும். குடித்து முடித்த அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அளவு உச்சத்துக்குப் போகும். வயிற்றில் உணவு இருந்தால் இன்னும் தாமதமாகும். இதை நீங்களும் உங்கள் கணவரும் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். 10 மணிக்கு உங்கள் மகன் இருந்த நிலையே அன்றைய உச்சம் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. கண்ணை மூடித் தூங்கும் பிள்ளையின் ரத்தத்தில் மது இன்னும் ஏறிக்கொண்டிருக்கலாம். “தூங்கிவிட்டான், இனி இறங்கிவிடும்” என்ற கணக்கு இங்கேதான் பிழையாகிறது.

ஏறியது இறங்குவதும் மெதுவாகத்தான். கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். 160 முழுவதும் இறங்கப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். மறுநாள் காலை 6, 7 மணி வரை அவர் உடம்பில் மது இருந்திருக்கும். காபி, குளிர்ந்த தண்ணீர்க் குளியல், கையைப் பிடித்து நடக்கவைப்பது எதுவும் இந்த வேகத்தை மாற்றாது. காபி குடித்தால் தூக்கம் கலையும், போதை அப்படியே இருக்கும். தள்ளாடும் பிள்ளையைக் குளியலறைக்கு அழைத்துப்போனால் விழுந்து மண்டை உடையலாம், உடம்பு சில்லிட்டும் போகலாம். வாந்தி எடுக்க உப்புத் தண்ணீர் கொடுக்கும் பழக்கம் எல்லாவற்றையும்விட மோசம். ரத்தத்தில் உப்பு ஏறி அதுவே உயிரைக் குடிக்கலாம்.

மது அதிகமானால் மூளையில் மூச்சை இயக்கும் பகுதி மந்தமாகும். தொண்டையில் ஏதாவது சிக்கினால் இருமித் தள்ளும் அனிச்சையும் போய்விடும். மல்லாக்கப் படுத்திருப்பவர் அந்த நிலையில் வாந்தி எடுத்தால் அது நேராக மூச்சுக்குழலுக்குள் இறங்கும். சத்தம்கூட வராது. விளக்கை அணைத்துவிட்ட அறையில் யாருக்கும் தெரியாது. இதோடு இன்னொன்றும் உண்டு. கல்லீரல் மதுவைக் கரைப்பதில் இறங்கிவிட்டால் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் வேலை தடைபடும். இளம் உடம்பில் சேமிப்பும் குறைவு. சாப்பிடாமல் குடித்த பிள்ளைக்கு ரத்தச் சர்க்கரை தாழ்ந்து வலிப்பே வரலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் ‘போதை மயக்கம்’ போலத்தான் தெரியும்.

இனி ஒருமுறை நடந்தால்

முதலில் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பக்கத்தில் மண்டியிட்டு உட்காருங்கள். உங்கள் பக்கம் இருக்கும் அவர் கையை உடம்புக்குச் செங்குத்தாக நீட்டுங்கள். மறு கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, புறங்கை அவர் கன்னத்தில் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருக்கும் முழங்காலை மடக்கி, அதைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் உடம்பு தானாகப் புரண்டு வரும். மடக்கிய முழங்கால் தரையில் ஊன்றியிருக்கட்டும், அப்போதுதான் மறுபடி மல்லாக்கச் சரியாது. கடைசியாகத் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாய் தரையைப் பார்க்கும்படி வையுங்கள். முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். தலையணை நழுவும்.

பிறகு கூடவே உட்கார்ந்து மூச்சை எண்ணுங்கள். விலா எலும்பின் மேல் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 8-க்கும் குறைவு, அல்லது ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே 10 விநாடிக்கு மேல் இடைவெளி என்றால் உடனே ஆம்புலன்ஸ். தோளைத் தட்டி, உரக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் கண் திறக்கவில்லை, உதடோ நகமோ நீலம் பாய்ந்திருக்கிறது, தோல் சில்லிட்டு ஈரமாக இருக்கிறது, வலிப்பு வந்தது, தலையில் அடிபட்டிருக்கிறது, வேறு மாத்திரையும் சாப்பிட்டிருக்கலாம் என்று சந்தேகம் இருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தூக்க மாத்திரையோ, தூக்கம் தரும் சளி மருந்தோ மதுவோடு சேர்ந்தால் மூச்சு இரட்டிப்பாக மந்தமாகும்.

ஆஸ்பத்திரியில் என்ன குடித்தார், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ‘ஃபுட் பாய்சன்’ என்று பொய் சொன்னால் சிகிச்சை தவறான திசையில் போகும். குடித்தது எங்கிருந்து வந்தது என்றே தெரியாத சரக்கு என்றால் அதையும் சொல்லுங்கள். மெத்தனால் கலந்திருந்தால் முதலில் சாதாரண போதை போலத்தான் இருக்கும். அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் பார்வை மங்கல், கடும் வயிற்றுவலி, மூச்சிரைப்பு வரும். அதற்கு மாற்றுமருந்து இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

கல்லீரலுக்கு என்ன ஆகியிருக்கும்?

இதற்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். ஓர் இரவுக் குடியால் ஆரோக்கியமான 16 வயதுப் பிள்ளையின் கல்லீரல் நிரந்தரமாகக் கெடாது. தொடர்ந்து அதிகமாகக் குடித்தால் சில வாரங்களிலேயே கொழுப்பு படியும், நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். சுருங்கித் தழும்பேறும் சிரோசிஸ் பல வருடக் குடியில் வருவது. நீங்கள் கொடுத்த ஒரு பாராசிட்டமாலாலும் பயம் இல்லை. வாந்தி, பட்டினியோடு இருக்கும்போது திரும்பத் திரும்பக் கொடுப்பதுதான் ஆபத்து.

கல்லீரல் டெஸ்ட் எடுப்பதில் எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. இந்த நிலையில் ரிசல்ட் அநேகமாக நார்மலாகவே வரும். மது குடிப்பவர்களிடம் உயரும் ஜிஜிடி என்ற நொதிகூடப் பல வாரம் தொடர்ந்து குடித்தால்தான் ஏறும். அந்த நார்மல் ரிப்போர்ட்டை உங்கள் மகன் ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்ற சான்றிதழாக மடித்து வைத்துக்கொள்வார். டாக்டரைப் பாருங்கள், ஆனால் அவரிடம் போக வேண்டிய விஷயம் நினைவு தப்பியது.

கேக் வெட்டியதற்குப் பிறகு எதுவும் நினைவில்லை என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மூளையின் உட்பகுதியில் ஹிப்போகேம்பஸ் என்ற இடம்தான் நடப்பதை நினைவாகப் பதிவு செய்கிறது. மது வேகமாக ஏறினால் அந்தப் பதிவு நின்றுபோகும். அவர் நடந்திருப்பார், பேசியிருப்பார், சிரித்திருப்பார், ஆனால் எதுவும் எழுதப்படவில்லை. மறந்துபோனது என்றால் யாராவது எடுத்துச் சொன்னால் ஞாபகம் வரும். பதிவே ஆகாதது என்ன சொன்னாலும் வராது. முடிவெடுக்கவும் அடக்கிக்கொள்ளவும் உதவும் முன்மூளை இருபது வயதைத் தாண்டி, 25 வரைகூட முதிர்ந்துகொண்டே இருக்கும் பகுதி. இந்த வயதில் அளவுமீறிக் குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் நினைவாற்றலும் கவனமும் குறைவதையும், மூளையின் வளர்ச்சியே மாறிப்போவதையும் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. எனக்குக் கல்லீரலைவிட இதுதான் கவலை.

உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுக்க வேண்டிய பகுதி

ஐயா, நீங்கள் சொல்வதில் பிள்ளைமேல் உள்ள அக்கறை தெரிகிறது. எங்கோ ஒளிந்து குடிப்பதைவிடக் கண் முன்னால் இருக்கட்டும் என்று நினைக்கிறீர்கள். இப்படி நினைக்கும் பெற்றோர் நிறையப் பேர். நடப்பது வேறு. ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பிள்ளைகளை ஆறு வருடம் தொடர்ந்து கவனித்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வு இதே கேள்வியைத்தான் கேட்டது. பெற்றோர் கையால் மது வாங்கிய பிள்ளைகளுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. அவர்கள் அளவுமீறிக் குடிக்கும் வாய்ப்பு அதிகமாகத்தான் இருந்தது. வெளியில் வாங்கிக் குடிப்பதும் நிற்கவில்லை. வீட்டில் கொடுப்பது வெளிக்குடிக்கு மாற்று ஆவதில்லை, அதன் மேல் கூடுதலாகச் சேர்கிறது. பிள்ளையின் காதில் ‘அளவோடு’ என்ற சொல் விழுவதில்லை. ‘அப்பாவே கொடுத்தார்’ என்பதுதான் விழுகிறது.

‘பீர்தானே’ என்பதும் சரியில்லை. 5 சதவீத பீர் 500 மில்லியில் இருக்கும் ஆல்கஹால் சுமார் 20 கிராம், அதாவது 60 மில்லி ரம்மில் இருப்பதைவிடத் துளி அதிகம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 500 மில்லி என்றால் 100 மில்லி ரம்முக்குச் சமம். உடம்புக்குப் பாட்டிலின் பெயர் தெரியாது, கிராம் கணக்குதான் தெரியும்.

“என் பிள்ளை தாங்குவான்” என்று நீங்கள் சொன்னதாக உங்கள் மனைவி எழுதியிருக்கிறார். தாங்குவது நல்ல அறிகுறி இல்லை ஐயா. மற்றவர்கள் தள்ளாடும்போது தெளிவாக நிற்கும் பிள்ளைக்குத்தான் ‘போதும்’ என்ற எச்சரிக்கை உடம்பிலிருந்து வருவதில்லை. இளம் வயதில் அப்படித் தாங்கியவர்கள் பின்னாளில் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பு கூடுதல் என்பது நீண்டகால ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அடிமையாகும் தன்மையில் ஏறக்குறைய பாதி மரபு வழியாக வருவது. உங்கள் குடும்பத்தில் யாராவது குடியால் கெட்டிருந்தால் மகனுக்கு அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். தொடங்கும் வயதும் முக்கியம். 1997-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 14 வயதுக்குள் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள். 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் அது 10 சதவீதம். சீக்கிரம் தொடங்கியதுதான் காரணமா, அந்தப் பிள்ளைகளின் சூழலும் சேர்ந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனாலும் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் லாபம்தான்.

‘அளவாகக் குடித்தால் நல்லது’ என்ற பழைய நம்பிக்கையும் இப்போது இல்லை. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-லேயே சேர்த்துவிட்டது. உடலுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. நீங்கள் குடிப்பதை நிறுத்துங்கள் என்று நான் இங்கே கேட்கவில்லை. பிள்ளை முன்னால் வேண்டாம், பாட்டிலைப் பூட்டி வையுங்கள், தினம் வேலை முடிந்த களைப்புக்கு மருந்து இதுதான் என்பது போலப் பேசாதீர்கள். இந்த மூன்றும் உங்களால் முடியும்.

எப்படிப் பேசுவது

அம்மா, இனி உங்களோடு. பேசுவதற்கு முன் நீங்களும் கணவரும் தனியாக உட்கார்ந்து ஒரே முடிவுக்கு வந்துவிடுங்கள். அப்பா ஒன்று, அம்மா ஒன்று சொல்லும் வீட்டில் பிள்ளை தனக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளும்.

“குடிச்சியா?” என்று கேட்காதீர்கள். தெரிந்ததையே கேட்டால் பொய் சொல்லத்தான் கற்றுக்கொடுக்கிறோம். “போன மாதமும் சட்டையில் வாடை வந்தது, நான் கவனித்தேன். எப்போது ஆரம்பித்தது என்று சொல்லு” என்று நேராகத் தொடங்குங்கள். யார் வாங்கினார்கள், தனியாக இருக்கும்போதும் குடிக்கத் தோன்றுகிறதா, எதையாவது மறக்கவோ தூக்கத்துக்காகவோ குடித்தாயா என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வர நேரமாகும், காத்திருங்கள். மன அழுத்தமோ பதற்றமோ இருந்து அதற்கு மருந்தாகக் குடிக்கும் பிள்ளைக்குத் தேவை வேறு உதவி.

விதி ஒன்றுதான்: இந்த வீட்டில் படிக்கும் வயதில் மது இல்லை. மீறினால் என்ன என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நிறைவேற்ற முடிந்ததாக இருக்கட்டும். அதோடு ஒரு வாக்கும் கொடுங்கள். “எந்த ராத்திரியானாலும், எந்த நிலையில் இருந்தாலும் கூப்பிடு, வந்து அழைத்துக்கொண்டு வருகிறோம். அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம், மறுநாள் பேசுவோம்.” இந்த வாக்கைக் காப்பாற்றுவது சுலபமில்லை. ஆனால் திட்டு விழும் என்ற பயத்தில் குடித்தவன் ஓட்டும் வண்டியில் ஏறிப்போகும் பிள்ளைகளை இதுதான் தடுக்கும். இந்த வயதில் மது உயிரைப் பறிப்பது பெரும்பாலும் விபத்திலும், தண்ணீரிலும், கைகலப்பிலும், ஒரு நொடி விரக்தியிலும்தான்.

மறுபடி நினைவு தப்பினாலோ, தனியாகக் குடிக்கத் தொடங்கினாலோ, மார்க்கும் தூக்கமும் சேர்ந்து சரிந்தாலோ, சாக வேண்டும் என்ற பேச்சு வந்தாலோ தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள். தினமும் குடித்துவருவது தெரியவந்தால் வீட்டிலேயே பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்த முயலாதீர்கள். நிறுத்திய ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு முதல் நான்கு நாளில் மனக்குழப்பமும் காய்ச்சலுமாகக் கடும் நிலை வரலாம். இது இளம் பிள்ளைகளிடம் அரிதுதான், ஆனாலும் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

கடைசியாக அந்த இரண்டு நண்பர்கள். அவர்கள் சகவாசத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டீர்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அவர்களும் அன்று குடித்திருக்கலாம். ஆனால் திட்டு விழும் என்று தெரிந்தும், அவனை மாடியில் போட்டுவிட்டு ஓடாமல், உங்கள் வாசல் வரை கொண்டுவந்து, எவ்வளவு குடித்தான் என்று உண்மையையும் சொன்னார்கள். பல வீடுகளில் அந்த உண்மை வந்து சேர்வதே இல்லை. யார் வீட்டில் கூடுகிறார்கள், அங்கே பெரியவர்கள் இருப்பார்களா என்று இனி விசாரியுங்கள், அந்த வீட்டாரிடம் நேரடியாகப் பேசுங்கள். இந்த இரண்டு பேரையும் மட்டும் ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு நன்றி சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுக்கவைப்பது எப்படி என்று, உங்கள் மகனையே தரையில் படுக்கச் சொல்லி, செய்து காட்டுங்கள்.